வெக்கை எங்கே போகிறது?

யாழ்ப்பாணத்தில் ஒரு காருக்கு எழுபது வயது என்றால் யாரும் அதிசயப்படுவதில்லை. 1952 முதல் 1954 வரை இங்கிலாந்தில் செய்யப்பட்ட ஒஸ்ரின் ஏ40 சோமசெற், அதன் காலத்துத் தோழன் மொறிஸ் மைனர் இரண்டும் குடாநாட்டில் கலியாண வீட்டுக்கும் கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஓடி ஓடித் தேயாத வண்டிகள். 1990இல் போரோடு பொருளாதாரத் தடையும் வந்து பெற்றோல் இல்லாமற் போனபோது, இவை மண்ணெண்ணெயில் ஓடின. கார்பரேற்றருக்குள் சில சொட்டுப் பெற்றோல் விட்டு இயந்திரத்தை உயிர்ப்பிப்பார்கள். அது சூடேறிய பிறகு மண்ணெண்ணெய் போகும். மண்ணெண்ணெய் இலேசில் ஆவியாகாது, அதற்குச் சூடு வேண்டும் என்பதுதான் அந்த வித்தையின் அடிப்படை. புதிய கார்களின் இயந்திரங்கள் அந்த எண்ணெயைச் சகிக்காது. அமுக்க விகிதம் குறைந்த இந்தப் பழைய இயந்திரங்கள் சகித்தன.

2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் கார்களுக்கான தடை 2025 பெப்ரவரியில்தான் நீங்கியது. இருக்கிற காரைத் திருத்தி வைத்திருப்பதே புத்தி என்று பலர் கண்டுகொண்ட ஆண்டுகள் அவை. திருத்தியவர்களின் அடுத்த ஆசை ஏசி. சித்திரை வெயிலில் கண்ணாடியை இறக்கிவிட்டு ஏ9 வீதி வழியாகக் கொழும்பு வரை ஏறத்தாழ 400 கிலோமீற்றர் போய்வந்த எவருக்கும் அந்த ஆசை புரியும். ஆனால், ஏசியே இல்லாமல் வடிவமைக்கப்பட்ட காருக்கு அதைப் பூட்டிய பலர் கொஞ்ச நாளில் சொல்வது ஒன்றுதான்: குளிர் காணாது, கார் கொதிக்கிறது. உடனே “காஸ் குறைஞ்சிருக்கும், அடிச்சுப் பாப்பம்” என்பார்கள். பெரும்பாலும் குறை காஸில் இல்லை. ஏசி குளிரை உண்டாக்குவதே இல்லை; உள்ளே இருக்கும் வெப்பத்தை அள்ளி வெளியே கொட்டுகிறது. பழைய காரில் கேட்கவேண்டிய கேள்வி, அந்த வெப்பம் எங்கே போகிறது என்பது.

அள்ளும் விதம் அழகானது. உள்ளங்கையில் ஸ்பிரிற் பட்டால் சில்லிடுகிறது. திரவம் ஆவியாகும்போது தோலிலிருந்து வெப்பத்தை எடுத்துப் போகிறது. இன்றைய கார்களில் மிகப் பரவலாக உள்ள ஆர்-134ஏ என்ற காஸ், சாதாரண காற்றழுத்தத்தில் மைனஸ் 26 பாகையிலேயே கொதித்துவிடும். அதை மூன்று மடங்கு வளியழுத்தத்தில் வைத்தால் 0 பாகையளவில் கொதிக்கும். ஏறத்தாழ 17 மடங்கில் வைத்தால் 60 பாகையில்தான் கொதிக்கும். அதே அழுத்தத்தில் அந்தச் சூட்டிலேயே திரும்பத் திரவமாகவும் ஆகும். அழுத்தத்தை மாற்றினால் கொதிநிலை மாறுகிறது என்ற இந்த ஒரே உண்மைதான் ஏசியின் முழு இரகசியம். டாஷ்போர்ட்டுக்குக் கீழே உள்ள சுருளில் காஸ் குறைந்த அழுத்தத்தில் கொதித்து, காருக்குள் இருக்கும் வெப்பத்தைக் குடிக்கிறது. கொம்பிறசர் அதை உறிஞ்சி அமுக்குகிறது. முன்பக்கத்துக் கொண்டென்சரில் அது 60 பாகையில் திரவமாகி, குடித்த வெப்பத்தையெல்லாம் உமிழ்கிறது. வெளியே 34 பாகை வெயில் கொளுத்தினாலும் 60 பாகைக்கு அது குளிர்தான். அதனால் வெப்பம் வெளியே பாய்கிறது.

கார் நிறுவனமொன்று விற்ற முதல் ஏசியே பின்பு பூட்டப்பட்டதுதான். அமெரிக்காவின் பக்கார்ட் நிறுவனம் 1939இல் அறிவித்த அந்தக் கார்கள், செய்து முடிந்ததும் கிளீவ்லண்ட் நகரத்தில் இருந்த வேறொரு நிறுவனத்துக்குப் போய் அங்கே ஏசி பூட்டிக்கொண்டு வந்தன. கொம்பிறசரை நிறுத்தக் கிளச் இருக்கவில்லை. குளிர் வேண்டாம் என்றால் இயந்திரத்தை நிற்பாட்டி, பொனற்றைத் திறந்து, பெல்ற்றைக் கழற்றவேண்டும். அந்த வசதியைப் பக்கார்ட் சில ஆண்டுகளிலேயே கைவிட்டது. இயந்திரத்தின் தோளில் ஏறும் இந்தச் சுமையை எப்போது ஏற்றுவது, எப்போது இறக்குவது என்பது அன்றே எழுந்த கேள்வி.

அந்தச் சுமை எவ்வளவு? சிறு காருக்குப் போதுமான ஏசி உள்ளிருந்து 3.5 கிலோவாற் வெப்பத்தை அள்ளுகிறது என்று வைப்போம். வீட்டில் ஒரு தொன் ஏசி செய்யும் வேலை அது. கார்க் கொம்பிறசருக்கு அதில் பாதியளவு, ஏறத்தாழ 1.75 கிலோவாற், அதாவது இரண்டேகால் குதிரைவலு தேவைப்படும். 1098 சிசி மொறிஸ் மைனரின் முழு வலுவே 48 குதிரைவலு. அதுவும் இயந்திரம் உச்ச வேகத்தில் சுற்றினால் மட்டும். ஆகவே ஏற்றத்தில் வண்டி முனகுவது இயல்பு. ஆனால் முக்கியமான எண் வேறு. அள்ளிய வெப்பமும் கொம்பிறசர் செலவழித்த வலுவும் சேர்ந்து 5.25 கிலோவாற் வெப்பம் கொண்டென்சரில் வெளிவருகிறது. கொண்டென்சரோ றேடியேற்றருக்கு நேர் முன்னால் நிற்கிறது. இதுவரை குளிர்காற்றை வாங்கிவந்த றேடியேற்றர், இனி ஏற்கெனவே சூடான காற்றைத்தான் வாங்கும்.

இங்கேதான் யாழ்ப்பாண மண் கதைக்குள் வருகிறது. குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. குடிப்பதும் குளிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கிய கிணற்று நீர். கீரிமலைக் கேணியும் நிலாவரைக் கிணறும் அந்தக் கல்லின் பிள்ளைகள். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் காபனீரொட்சைட்டை ஏற்றுக்கொண்டு கல்லைக் கரைத்தபடி இறங்குகிறது. அந்த நீரைச் சூடாக்கினால் காபனீரொட்சைட்டு வெளியேறும். கரைந்திருந்த சுண்ணாம்பு கல்சியம் காபனேற்றாகப் படியும். யாழ்ப்பாணத்துக் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் பிடித்திருப்பது அதுதான். கிணற்று நீரை ஊற்றிய றேடியேற்றருக்குள்ளும் அதுவே நடக்கிறது. ஒருமுறை ஊற்றிய தண்ணீரில் உள்ள சுண்ணாம்பு கொஞ்சம். ஆனால் ஒழுகும் பழைய றேடியேற்றருக்குக் கிழமைக்கு ஒரு போத்தல் என்று ஆண்டுக்கணக்கில் ஊற்றிக்கொண்டே வந்தால், ஒவ்வொரு போத்தலும் தன் பங்கைப் படியவிட்டுப் போகும். செம்பு கடத்தும் வெப்பத்தில் நூறில் ஒரு பங்கைக்கூட இந்தப் படிவு கடத்தாது. ஏசி இல்லாதவரை அந்தக் குறை தெரியாது. 5 கிலோவாற் மேலதிக வெப்பம் முன்னால் வந்து நின்றதும், நல்லூர்த் திருவிழா நெரிசலில் ஊரும்போது ஊசி சிவப்புக்கு ஏறும். இயந்திரத்தோடு சுற்றும் பழைய விசிறி, இயந்திரம் மெதுவாகச் சுற்றும்போது மெதுவாகவே சுற்றும். காற்றுத் தேவைப்படும் நேரத்தில் காற்று இராது.

வெப்பத்துக்கு அடுத்து வரும் எதிரி ஈரம். மூன்று பக்கம் கடலும் உள்ளே நீரேரிகளும் கொண்ட நிலத்தில் காற்று ஒருபோதும் வறண்டதில்லை. 30 பாகையில், 75 வீத ஈரப்பதன் உள்ள ஒரு கன மீற்றர் காற்றுக்குள் சுமார் 23 கிராம் நீராவி இருக்கிறது. அதை 10 பாகைக்குக் குளிராக்கினால் சுமார் 9 கிராமைத்தான் தாங்கும். மிச்சம் நீராகச் சொட்டும். வெறும் காற்றைக் குளிராக்க 23 கிலோயூல் எடுக்கவேண்டும். அந்த நீராவியை நீராக்க மட்டும் 33 கிலோயூல் எடுக்கவேண்டும். அதாவது வெளிக்காற்றை உள்ளே எடுக்கும் யாழ்ப்பாணத்துக் கார் ஏசி, தன் உழைப்பில் பெரும்பங்கைக் காற்றைக் குளிராக்க அல்ல, நீரைப் பிழியவே செலவிடுகிறது. காருக்குக் கீழே சொட்டும் தண்ணீர் வீண் ஒழுக்கல்ல. செய்த வேலையின் கணக்கு. ஆகவே கதவு ரப்பர் உக்கி, தரைத்தகட்டில் ஓட்டை விழுந்த காரில் எவ்வளவு பெரிய கொம்பிறசர் பூட்டினாலும் அது கடற்காற்றைப் பிழிந்துகொண்டே இருக்கும். ஏசிக்கு முன்னர் வாங்கவேண்டிய முதற்சாமான் கதவு ரப்பர்.

மூன்றாவது, மின்சாரம். அக்காலக் கார்களின் டைனமோ தருவது சுமார் 22 அம்பியர். இயந்திரம் சும்மா சுற்றும்போது அதுவும் இல்லை. உள் ஊதி, கொண்டென்சர் விசிறி, கொம்பிறசர் கிளச், இரவில் விளக்கு எல்லாம் சேர்ந்தால் அந்த எல்லை தாண்டிவிடும். எனவே ஒல்ரனேற்றர் பூட்டவேண்டும். அதில் ஒரு நுணுக்கம் உண்டு. 1960களின் நடுப்பகுதி வரை வந்த பிரித்தானியக் கார்கள் பலவற்றில் பற்றறியின் நேர்முனைதான் உடலோடு சேர்க்கப்பட்டிருந்தது. அப்படியே இன்றைய ஒல்ரனேற்றரைப் பூட்டினால் அதன் டயோட்டுகள் எரியும். இன்றைய விசிறியைப் பூட்டினால் அது எதிர்ப்பக்கமாகச் சுற்றி, றேடியேற்றர் விசிறி இழுக்கும் காற்றுக்கு எதிராக ஊதும். நிரந்தரக் காந்த மோட்டர்களின் குணம் அது. விசிறி சுற்றுகிறது என்பது போதாது. கொண்டென்சருக்கு முன்னால் ஒரு கடதாசித் துண்டைப் பிடியுங்கள். அது கொண்டென்சரை நோக்கி ஒட்டவேண்டும். விலகிப் பறந்தால் விசிறி தலைகீழாக வேலை செய்கிறது.

எல்லாம் சரியான பிறகுதான் காஸ் அடிப்பது, அதற்கும் முன்னர் வெற்றிடம் எடுப்பது. திறந்திருந்த குழாய்களுக்குள் ஈரக்காற்றுப் புகுந்திருக்கும். அந்த ஈரம் உள்ளே உறைந்து வால்வை அடைக்கும். எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகி உலோகத்தை அரிக்கும். வெற்றிடப் பம்பு அதை வெளியேற்றுவது அருமையான பௌதிகம். 30 பாகையில் இருக்கும் தண்ணீர், அழுத்தம் வளியழுத்தத்தின் இருபத்துநாலில் ஒரு பங்குக்குக் கீழே போனால் நெருப்பே இல்லாமல் கொதிக்கும். பம்பு அந்த அழுத்தத்துக்கும் கீழே இறங்கி, கொஞ்ச நேரம் அங்கேயே நிற்கவேண்டும். அரைகுறையாக நிறுத்தினால் ஈரம் உள்ளேயே தங்கும். எண்பதுகளில் பூட்டிய பழைய ஏசி என்றால் அது ஆர்-12 என்ற காஸுக்கானது. ஓசோன் படலத்தைக் கெடுத்ததால் 1987இன் மொன்றியல் உடன்படிக்கையின் கீழ் ஒழிக்கப்பட்டது அது. அதன் கனிம எண்ணெய் ஆர்-134ஏயோடு கலக்காது. எண்ணெய் திரும்பி வராத கொம்பிறசர் வறண்டு இறுகிவிடும். அக்காலத்து ரப்பர் குழாய்களினூடு புதிய காஸ் மெல்லக் கசியும். குழாய், எண்ணெய், உலர்த்தி மூன்றையும் மாற்றாமல் காஸை மட்டும் மாற்றுவது பணத்தைக் காற்றில் விடுவது.

காற்றில் விடும்போது போவது பணம் மட்டுமல்ல. 700 கிராம் ஆர்-134ஏ வெளியேறினால், புவியைச் சூடாக்கும் கணக்கில் அது ஒரு தொன் காபனீரொட்சைட்டுக்குச் சமம். இதே காரணத்துக்காக இந்த வகைக் காஸ்களைக் குறைக்கும் கிகாலி உடன்பாட்டை இலங்கை 2018இல் ஏற்றது. காருக்குள்ளிருந்து வெளியே தள்ளிய வெப்பம் கடற்காற்றில் கலைந்துவிடும். கசியும் காஸ் பிடித்துவைக்கும் வெப்பமோ இந்த உலகத்தை விட்டுப் போக இடமில்லாதது. எனவே கராஜுக்குப் போகும்போது வரிசையைப் பிடியுங்கள். முதலில் றேடியேற்றரைக் கழுவி, கிணற்று நீரை நிறுத்தி, காய்ச்சி வடித்த நீரோ கூலன்ற் கலவையோ ஊற்றுங்கள். பிறகு ரப்பர், பிறகு ஒல்ரனேற்றரும் விசிறியும், பிறகு ஏசி, கடைசியாகக் காஸ். மீதமுள்ள காஸைச் சிலிண்டரில் பிடிப்பீர்களா என்றும் கேளுங்கள். பெற்றோல் இல்லாத காலத்திலும் இந்தக் கார்களை ஓடவைத்த ஊருக்கு இது பெரிய வேலையல்ல. வெப்பம் போகும் வழியை முதலில் திறந்துவிட்டால் குளிர் தானாகவே வரும்.