கடலுக்கு ஒரு தனி உண்டியல்

“இவ்வளவு நீளக் கடற்கரை இருந்தும் நாம ஏன் கடல்ல கரண்டு எடுக்கல?”ன்னு ஒரு நண்பர் கேட்டார். டெக்னாலஜி இன்னும் வரலைன்னுதான் நானும் ரொம்ப நாள் நினைச்சிருந்தேன். படிக்கப் படிக்க, பணத்தை அரசு எந்த வடிவத்தில் தருகிறது என்பதுதான் பெரிய சிக்கல் என்று புரிந்தது.

பிரிட்டனைப் பாருங்க. அங்கே பசுமை மின்சாரத்துக்கு அரசு ஏலம் நடத்துகிறது. குறைந்த விலை கேட்பவருக்கு, 2024 ஏலம் வரை, 15 வருஷ ஒப்பந்தம். சந்தை விலை அதற்குக் கீழே போனால் வித்தியாசத்தை வாங்கிக்கலாம், மேலே போனால் திருப்பிக் கட்டணும். பணம் வருவது மக்களின் கரண்ட் பில்லில் இருந்து. மின்சாரம் எடுத்தால்தான் காசு என்பதால், ரிப்பன் வெட்டிட்டு மறந்துபோற கதை நடக்காது.

ஆனா 2017, 2019 ஏலங்களில் ஓத மின்சாரத்துக்கு ஒன்றும் கிடைக்கல. (கடல்மட்டம் ஏறி இறங்கும்போது ஓடும் நீரில், காற்றாலை மாதிரி ஒன்றைக் கடலடியில் சுழலவிடுவதுதான் இது.) கடல் காற்றாலையோடு ஒரே கூடையில் போட்டி போட வேண்டியிருந்தது. அவர்கள் ஆயிரக்கணக்கில் நட்டு விலையை இறக்கியிருந்தார்கள். நடாம விலை எப்படி இறங்கும்? விலை இறங்காம எப்படி நடுவது?

2021-ல் அரசு, ஆண்டுக்கு 2 கோடி பவுண்டு ஓதத்துக்கு மட்டும் என்று ஒதுக்கியது. 2022 ஜூலையில் நான்கு திட்டங்கள் தேறின, கிட்டத்தட்ட 41 மெகாவாட். அதில் 28, ஸ்காட்லாந்தின் மேஜென் திட்டத்துக்கு. விலை, 2012 கணக்குப்படி, யூனிட்டுக்கு 17.85 பென்ஸ். கடல் காற்றாலைக்கோ 3.7 பென்ஸ்தான்! 2024 ஏலத்திலும் ஓதம் 17 பென்ஸுக்குக் கீழே வரல. பில் கட்டுபவருக்கு இது நியாயமான்னு கேட்டா, நியாயமான கேள்விதான். ஆனா காற்று சொல்லிட்டு வராது. ஓதத்துக்குப் பல வருஷம் முன்னாடியே பஞ்சாங்கம் போடலாம். அந்த உறுதிக்கு ஒரு விலை உண்டு என்பது என் கட்சி.

இங்கே என்ன நடந்தது? தமிழ்நாட்டுக் கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் குறைவு. குஜராத், சுந்தரவனம் பக்கம்தான் அதிகம். 2007-ல் சுந்தரவனத்தின் துர்காதுவானியில் 3.75 மெகாவாட், 2011-ல் கட்ச் வளைகுடாவில் 50 மெகாவாட் என்று ஒப்புதல் கொடுத்தார்கள். முதலாவதற்கு மதிப்பீடு 238 கோடி ரூபாய். செலவு தாங்காது என்று இரண்டையும் கைவிட்டார்கள்.

2019 ஆகஸ்டில் மத்திய அரசு, கடல் ஆற்றலும் புதுப்பிக்கத்தக்கதே என்று அறிவித்தது. மின்வாரியங்கள் அப்போது கட்டாயம் வாங்க வேண்டியிருந்த, சூரிய மின்சாரம் அல்லாத பசுமைப் பங்கில் அதையும் சேர்த்துக்கலாம் என்று இருந்தது. நல்ல விஷயம்தான். ஆனா அந்தப் பங்கில் மலிவான காற்றாலை மின்சாரமும் இருந்ததே. ஏற்கெனவே கடனில் தவிக்கிற எந்த வாரியம் கடல் பக்கம் எட்டிப் பார்க்கும்?