கனடாவில் கஞ்சாக் கடை வேலை: சேருவதற்கு முன்

டொரண்டோவின் ஸ்கார்பரோ பக்கம் பகுதிநேர வேலை தேடி அலையும் தமிழ் மாணவர்களின் பட்டியலில் காப்பிக் கடை, மளிகைக் கடை, சரக்குக் கிடங்கு ஆகியவற்றோடு இப்போது உரிமம் பெற்ற கஞ்சாக் கடையும் சேர்ந்துவிட்டது. ஒன்டாரியோ மாகாணத்தில் மட்டும் இப்படிப்பட்ட கடைகள் ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேல் இருக்கின்றன. ஊரில் இருக்கும் அம்மாவிடம் சொல்ல நா எழாத வேலைதான். ஆனால் சம்பளச் சீட்டும் வரிப் பிடித்தமும் தொழிலாளர் சட்டப் பாதுகாப்பும் உள்ள முறையான வேலை. இதில் சேருகிறவர்களைக் குறைவாக நினைக்க எந்த நியாயமும் இல்லை. என் கவலை வேறு. இந்த வேலைக்கான சட்டப் பாதுகாப்பு கனடாவின் எல்லைக்கோட்டோடு முடிந்துவிடுகிறது. வேறொரு நாட்டின் கடவுச்சீட்டோடு வந்திருக்கும் பிள்ளைக்கு இதை வேலைக்கு எடுக்கும்போது பெரும்பாலும் யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

முதலில் அடிப்படை. மருத்துவப் பயன்பாட்டுக்கு 2001 முதலே இடம் கொடுத்திருந்த கனடா, 2018 அக்டோபர் 17 முதல் வயதுவந்தோர் எல்லோருக்கும் கஞ்சாவை அனுமதித்தது. பொது இடத்தில் ஒருவர் 30 கிராம் வரை உலர்ந்த கஞ்சா வைத்திருக்கலாம். பயிரிடவும் பதப்படுத்தவும் மத்திய சுகாதாரத் துறையான ஹெல்த் கனடா உரிமம் தருகிறது. விற்பனை மாகாணங்களின் பொறுப்பு. ஒன்டாரியோவில் மொத்த விற்பனை அரசு நிறுவனமான ஒன்டாரியோ கேனபிஸ் ஸ்டோரின் கையில் இருக்கிறது. தனியார் கடைகள் அதனிடம் மட்டுமே சரக்கு எடுக்க முடியும். மதுவையும் சூதாட்டத்தையும் கண்காணிக்கும் மாகாண ஆணையமே கடைக்கும் உரிமம் கொடுக்கிறது. 2019இன் தொடக்கத்தில் 25 உரிமங்களைக் குலுக்கல் போட்டுத்தான் கொடுத்தார்கள். அதே ஆண்டு ஏப்ரல் 1 அன்று முதல் கடைகள் திறந்தன. இன்று சில தெருக்களில் எதிரெதிரே இரண்டு கடைகள் நிற்கின்றன.

கடையில் வேலை செய்ய 19 வயது நிரம்பியிருக்க வேண்டும். கல்லாப் பக்கம் போவதற்கு முன்பே, ஆணையம் ஏற்றுக்கொண்ட பயிற்சியை முடித்துச் சான்றிதழ் வாங்கிவிட வேண்டும். ‘கேன்செல்’ என்ற இணையவழிப் பாடம்தான் பல ஆண்டுகளாக இதற்கு வழக்கம். இந்த வேலையைச் செய்பவரைத் தொழிலில் ‘பட்டெண்டர்’ என்கிறார்கள். செடி வகைகளின் வண்ணமயமான பெயர்களை மனப்பாடம் செய்வதுதான் வேலை என்று நினைத்துக்கொண்டு வருபவர்கள் உண்டு. உண்மையில் நாள் முழுவதும் செய்வது சரிபார்ப்பு. 25 வயதுக்குக் குறைந்தவராகத் தோன்றும் எவரிடமும் அடையாள அட்டை கேட்டாக வேண்டும். போதையில் தள்ளாடி வருபவருக்கு விற்கக் கூடாது. ஒருவருக்கு ஒரே முறையில் 30 கிராமுக்கு மேல் கொடுக்கக் கூடாது. இந்த 30 கிராம் கணக்கும் பொருளுக்குப் பொருள் மாறும். ஒரு கிராம் உலர்ந்த கஞ்சாவுக்கு ஈடாகச் சட்டம் வைப்பது 15 கிராம் தின்பண்டம், அல்லது கால் கிராம் அடர்சாறு, அல்லது ஒரு விதை. வருகிறவர் பழகிய வாடிக்கையாளர், கடை முதலாளியின் நண்பர் என்பதெல்லாம் இங்கே செல்லாது. ஓர் அட்டையைப் பார்க்காமல் விட்டால் கடையின் உரிமமே ஆட்டம் காணும்.

கவுண்டரில் நிற்பவரை உண்மையிலேயே சோதிக்கும் கேள்வி இன்னொன்று. முழங்கால் வலியோடு ஒரு பாட்டி வருகிறார். “தம்பி, இதுக்கு எது நல்லது?” என்று கேட்கிறார். உதவ வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் பட்டெண்டர் மருத்துவ ஆலோசனை சொல்லக் கூடாது. ‘இது தூக்கம் வரவைக்கும்’, ‘அது வலியைக் குறைக்கும்’ என்று பரிந்துரைக்கவும் கூடாது. பொட்டலத்தில் போதை தரும் டி.எச்.சி. எவ்வளவு, போதை தராத சி.பி.டி. எவ்வளவு இருக்கிறது என்பதைச் சொல்லலாம். மற்றதற்கு டாக்டரையோ மருந்தாளுநரையோ கேட்கச் சொல்ல வேண்டும். மருத்துவத் தேவைக்கு டாக்டரின் ஒப்புதலோடு உரிமம் பெற்ற உற்பத்தியாளரிடமிருந்து நேரடியாக வாங்கும் தனி ஏற்பாடு கனடாவில் இருக்கிறது. ரத்த அழுத்தத்துக்கோ ரத்தம் உறையாமல் இருப்பதற்கோ மாத்திரை சாப்பிடும் பெரியவருக்குக் கடைப் பையன் வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்பினால் உயிருக்கே ஆபத்தாகலாம். அந்த விதியைக் கெடுபிடி என்று நினைக்காதீர்கள். அது பாட்டியையும் காக்கிறது, உங்களையும் காக்கிறது.

தின்பண்டங்களைப் பற்றி மட்டும் தயங்காமல் எச்சரிக்கலாம், எச்சரிக்கவும் வேண்டும். 2019இல் அனுமதி கிடைத்த சாக்லேட், மிட்டாய் வகைகளில் ஒரு பொட்டலத்துக்கு 10 மில்லிகிராம் டி.எச்.சி.தான் உச்சவரம்பு. ஆனால் புகையைப் போல் இது உடனே வேலை செய்யாது. தெரியத் தொடங்கவே அரை மணி முதல் இரண்டு மணி நேரம் வரை ஆகலாம். ஒன்றும் ஆகவில்லையே என்று இரண்டாவது, மூன்றாவது துண்டை விழுங்கிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறவர்கள் உண்டு. குழந்தைகள் உள்ள வீட்டில் பூட்டி வைக்கச் சொல்வதும் உங்கள் வேலையில் சேர்ந்ததுதான்.

கடையை விட்டால் அடுத்தது பண்ணை. ஈரி ஏரிக்கரையில் தக்காளிப் பசுமைக்குடில்களுக்குப் பேர்போன லெமிங்டன் ஊரில் சில குடில்கள் கஞ்சாவுக்கு மாறின. அங்கே வேலை, விவசாயமும் தொழிற்சாலையும் கலந்த மாதிரி இருக்கும். தலைவலை, தாடிவலை, கையுறை, மேலங்கி எல்லாம் மாட்டிக்கொண்டுதான் உள்ளே போக முடியும். தாய்ச்செடியிலிருந்து தண்டு வெட்டி நட்டு, வளரும் பருவத்தில் நாளுக்கு 18 மணி நேரம் வெளிச்சம் காட்டுவார்கள். பூக்க வைக்க அதை 12 மணி நேரமாகக் குறைப்பார்கள். அந்த இருட்டு நேரத்தில் யாரும் விளக்கைப் போட்டுவிடக் கூடாது. ஆண் செடி ஒன்று கண்ணில் படாமல் தப்பி மகரந்தம் தூவிவிட்டால் அறை முழுக்க விதை கட்டி விலை போகாது. எடை, அறை, தொகுதி எண், கழிவு எல்லாவற்றுக்கும் பதிவேடு உண்டு. ஹெல்த் கனடாவுக்கு மாதா மாதம் கணக்குப் போகிறது. உரிமம் பெற்ற இடத்தில் முக்கியப் பொறுப்புகளுக்கு வருகிறவர்கள் மத்திய அரசின் பாதுகாப்புச் சரிபார்ப்பைத் தாண்டியாக வேண்டும்.

பண்ணைக்குப் போகிறவர்கள் உடம்பைப் பற்றியும் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2022 ஜனவரியில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், கஞ்சாவை அரைத்துச் சுருட்டு நிரப்பும் இடத்தில் வேலை பார்த்த 27 வயதுப் பெண் கடும் ஆஸ்துமாவால் இறந்தார். வேலையில் சேர்ந்த சில மாதங்களிலேயே மூச்சுத்திணறல் தொடங்கியிருந்தது. அமெரிக்கக் கஞ்சாத் தொழிலில் வேலைசார்ந்த ஆஸ்துமாவால் நேர்ந்த முதல் மரணமாக அதை அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2023இல் பதிவு செய்தது. அரைக்கும்போது எழும் தூள் சிலருக்கு ஒவ்வாமையைத் தூண்டிவிடுகிறது. மூக்கொழுகல், இருமல், தோல் அரிப்பு, நெஞ்சில் வீசிங் ஆகியவை வேலை நாளில் வந்து விடுமுறையில் தணிந்தால், சளி என்று தள்ளிப்போடாதீர்கள். டாக்டரிடம் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள். ஒன்டாரியோவில் ஆபத்தான வேலையை மறுக்கத் தொழிலாளிக்குச் சட்டப்படி உரிமை உண்டு.

வேலை நிலைக்குமா என்பது அடுத்த கேள்வி. ஸ்மித்ஸ் ஃபால்ஸ் என்ற சிற்றூரில் 2008இல் மூடப்பட்ட ஹெர்ஷி சாக்லேட் ஆலையைக் கஞ்சா ஆலையாக்கிப் பெரிதாக வளர்ந்தது கேனபி குரோத் நிறுவனம். 2018இல் ஒரு பெரிய மதுபான நிறுவனம் அதில் 500 கோடி கனடா டாலர் முதலீட்டை அறிவித்தது. 2023 பிப்ரவரியில் அதே கேனபி குரோத் 800 பேரை வேலையிலிருந்து நீக்குவதாக அறிவித்தது. அந்த ஆலை கடைசியில் ஹெர்ஷியிடமே விற்கப்பட்டது. காரணம் ஒன்றல்ல. தேவைக்கு மேல் விளைவித்தார்கள், விலை சரிந்தது, வரி அதற்கேற்ப இறங்கவில்லை. கிராமுக்கு 1 டாலர் அல்லது விலையில் 10 விழுக்காடு, இரண்டில் எது அதிகமோ அதுதான் கலால் வரி. கிராம் 10 டாலருக்கு விற்றால் இரண்டும் ஒன்றே. நாலைந்து டாலருக்கு இறங்கும்போது வரி மட்டும் அதே 1 டாலராக நின்று உற்பத்தியாளரின் கழுத்தை நெரிக்கிறது. கடை ஊழியரின் தொடக்கச் சம்பளமும் பல இடங்களில் குறைந்தபட்சக் கூலியை ஒட்டியே இருக்கிறது. 2025 அக்டோபர் முதல் ஒன்டாரியோவில் அது மணிக்கு 17.60 டாலர்.

நிரந்தர வதிவிட உரிமையை மனதில் வைத்துச் சேருகிறவர்களுக்கு ஒரு கணக்கு. சில்லறை விற்பனையாளர் வேலையைக் கனடாவின் தொழில் வகைப்பாடு நான்காம் படியில் வைத்திருக்கிறது. கனடிய அனுபவப் பிரிவில் விண்ணப்பிக்க மூன்றாம் படிவரையிலான வேலைகள்தான் செல்லும். கடை மேற்பார்வையாளர் வேலை இரண்டாம் படி என்பதால் அது செல்லும். முழுநேரம் படித்துக்கொண்டே பார்த்த வேலை எந்தப் படியானாலும் அந்தப் பிரிவில் கணக்கில் வராது.

இனி எல்லைக்கு அப்பால். அமெரிக்க எல்லைக் காவல் துறை 2018 அக்டோபரில் ஒரு விளக்கம் வெளியிட்டது. கனடாவின் சட்டபூர்வக் கஞ்சாத் தொழிலில் இருக்கும் கனடியக் குடிமகன் வேறு காரணத்துக்காக வந்தால் பொதுவாக அனுமதிக்கலாம்; அந்தத் தொழில் சம்பந்தமாக வந்தால் மறுக்கலாம் என்றது. அந்த வாசகம் பேசுவது கனடியக் குடிமகனைப் பற்றி. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் விசாவுக்கே விண்ணப்பிக்க வேண்டியவர். அந்தச் சலுகையைத் தனக்கும் சேர்த்து எண்ணிக்கொள்ளக் கூடாது. அதிகாரி கேட்டால் பொய் சொல்வது இன்னும் பெரிய சிக்கல். அமெரிக்காவுக்குள்ளேயே நிலைமை கடுமையாக இருக்கிறது. கொலராடோவில் 2014 ஜனவரி 1 முதல் கடைகள் இருந்தாலும், கஞ்சா வேலை ஒருவரின் ‘நன்னடத்தை’யைப் பாதித்துக் குடியுரிமையைத் தடுக்கலாம் என்று மத்தியக் குடியேற்றத் துறை 2019 ஏப்ரலில் வழிகாட்டுதல் வெளியிட்டது. மாநில உரிமம் பெற்ற இடத்தில் வேலை பார்த்த டென்வர்வாசிகள் இருவர் அதற்கு முன்பே இப்படி மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

இந்தியக் குடிமக்கள் சொந்த நாட்டுச் சட்டத்தையும் பார்க்க வேண்டும். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் முதல் பிரிவே, இந்தியாவுக்கு வெளியே இருக்கும் இந்தியக் குடிமக்களுக்கும் அது பொருந்தும் என்கிறது. 12ஆம் பிரிவு, வெளிநாட்டில் வாங்கி வெளிநாட்டிலேயே விற்கும் வணிகத்துக்கும் மத்திய அரசின் முன் அனுமதி கேட்கிறது. உரிமம் பெற்ற கடையில் மணிக்கூலிக்கு நிற்பவரை இது எவ்வளவு தொடும் என்பதை வழக்கறிஞரிடம் கேளுங்கள். பங்கு போட்டுக் கடை நடத்த நினைப்பவர் கட்டாயம் கேளுங்கள். கடையில் ஊழியர் விலைக்கு வாங்கிய மிட்டாய்ப் பொட்டலத்தைப் பெட்டியில் மறந்து வைத்துச் சென்னைக்கு விமானம் ஏறினால், கனடாவை விட்டு எடுத்துப் போவதும் குற்றம், இந்தியாவில் இறங்குவதும் குற்றம். ரசீது இருந்தாலும் இரண்டு இடத்திலும் செல்லாது.

குடியேற்ற ஆலோசனைக்குப் போகும்போது வேலை ஒப்பந்தத்தின் நகலையும், அதில் உங்கள் பதவியின் பெயரையும் கடமைகளையும் எழுதியிருக்கும் பக்கத்தையும் கொண்டுபோங்கள். சேர்ந்த பிறகு போவதைவிட, கையெழுத்துப் போடுவதற்கு முந்தைய வாரமே போனால் செலவும் குறைவு.