91 புள்ளியும் 2 புள்ளியும்

கடந்த வருடம் யூலை மாதம் ஒருநாள் இரவு வேலை முடிந்து விடியற்காலை வீடு வந்தபோது அக்கா குசினியில் அழுதுகொண்டிருந்தா. அவவின் மூத்த மகனுக்கு ஏ.பி. நுண்கணிதப் பரீட்சை முடிவு வந்திருந்தது. 5க்கு 2. பள்ளிக்கூடத்தில் அந்த வகுப்புக்கு அவனுடைய ரீச்சர் போட்ட புள்ளியோ 91.

"அந்த ரீச்சர் சும்மா புள்ளியைப் போட்டு எங்களை ஏமாத்திப்போட்டா" என்றா அக்கா. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

புதிதாக வந்த குடும்பங்களுக்காக ஒரு சிறு விளக்கம். ஏ.பி. என்பது அமெரிக்காவின் கொலிஜ் போர்ட் என்ற நிறுவனம் 1950களின் நடுப்பகுதியிலிருந்து நடத்திவரும் திட்டம். முதலாமாண்டுப் பல்கலைக்கழகப் பாடத்தை உயர்பாடசாலை ஆசிரியரே படிப்பிப்பார். மே மாதத்தில் பொதுப் பரீட்சை, 1 முதல் 5 வரை புள்ளி. 4 அல்லது 5 எடுத்தால் இங்கே ஒன்ராறியோவில் பல பல்கலைக்கழகங்கள் அந்தப் பாடத்தை ஏற்கெனவே படித்ததாகக் கணக்கில் எடுக்கும். 2 எடுத்தால் எதுவும் இல்லை. எங்கள் மருமகன் இப்போது பல்கலைக்கழகத்தில் அதே நுண்கணிதத்தைக் காசு கட்டிப் படிக்கிறான்.

அப்படியானால் இப்பாடம் படிப்பிக்கும் ஆசிரியரை யார் மதிப்பிடுகிறார்கள்? எங்கட ஊரில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. ஏ.எல். படிப்பிக்கும் மாஸ்டரை எவரும் வகுப்புக்குள் வந்து பார்த்ததாக நான் அறியேன். முடிவு வந்த அன்று ஊரே அவரை மதிப்பிட்டுவிடும். அவர் பெயரெடுத்தால் அடுத்த கிழமை அவருடைய ரியூசன் கொட்டிலில் வாங்கு போதாது.

இங்கே விசாரித்ததில் நான் அறிந்தது இது. 2007ஆம் ஆண்டிலிருந்து ஏ.பி. என்ற பெயரைப் பாவிக்கும் ஒவ்வொரு ஆசிரியரும் தான் என்ன படிப்பிக்கப்போகிறார் என்று ஒரு பாடத்திட்டத்தைக் கொலிஜ் போர்ட்டுக்குக் காட்டி அனுமதி பெறவேண்டும். அவர்கள் பார்ப்பது கடதாசியை, வகுப்பை அல்ல. வகுப்பைப் பார்ப்பது அதிபரின் வேலை. ஒன்ராறியோவில் அனுபவமுள்ள ஆசிரியரை அதிபரோ உப அதிபரோ ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வகுப்பில் இருந்து பார்த்து, திருப்தி அல்லது திருப்தியில்லை என்று எழுதுவார். அந்த அதிபருக்கு நுண்கணிதம் தெரிந்திருக்கவேண்டும் என்றில்லை.

வாவிக்கு அக்கரையில், நியூயோர்க் மாநிலத்தில் வேறு முறையும் உண்டு. சிரகியூஸ் பல்கலைக்கழகம் 1970களின் தொடக்கத்திலிருந்தே தன் பாடங்களை உயர்பாடசாலை ஆசிரியர்களிடம் கொடுத்திருக்கிறது. ஆசிரியரைத் தெரிவதும், பயிற்சி கொடுப்பதும், பேராசிரியரை அனுப்பி வகுப்பைப் பார்ப்பதும் பல்கலைக்கழகமே. அமெரிக்காவின் நடுமேற்கு மாநிலக் கல்லூரிகளை அங்கீகரிக்கும் அமைப்போ 2015இல், இப்படிப் படிப்பிப்பவருக்கு முதுமாணிப் பட்டமும் அந்தப் பாடத்தில் பட்டப்பின் படிப்பு 18 அலகும் இருக்கவேண்டும் என்றது. வருடக்கணக்காக நன்றாகப் படிப்பித்துவந்த பலர் இதனால் கலங்கிப்போனார்கள். பட்டத்தைச் சுவரில் மாட்டலாம். படிப்பிக்கத் தெரியுமா என்பதை அது சொல்லாது.

சரி, பரீட்சை முடிவை வைத்து மதிப்பிட்டால் என்ன? நான் வேலைசெய்வது பிளாஸ்ரிக் சாமான் வார்க்கும் பக்டரியில். சாமானில் வெள்ளிக்கோடு விழுந்தால் மெசினில் நிற்பவனைத்தான் முதலில் ஏசுவார்கள். போய்ப் பார்த்தால் நைலோன் மணிகள் சரியாகக் காயாமல் ஈரத்தோடு மெசினுக்குள் போயிருக்கும். இதற்காக நானே இரண்டு தரம் ஏச்சு வாங்கியிருக்கிறேன். ஆனாலும் அந்த ரீச்சர் விஷயத்தில் எனக்கு இது நினைவுக்கு வரவில்லை.

இலையுதிர்காலப் பெற்றோர் சந்திப்புக்கு நான்தான் போனேன். அக்காவுக்குப் பின்நேர வேலை. இரண்டாவது பிள்ளைக்கும் இப்போது அதே ரீச்சர்தான் கணிதம். பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காமல், பள்ளிக்கூடத்துக்கு வரும் குடியேற்ற உதவியாளரை முன்கூட்டியே கேட்டு அழைத்துக்கொண்டேன். (எல்லோரும் இதைச் செய்யுங்கள். பிள்ளை தனக்கு வாய்ப்பானதை மட்டும்தான் மொழிபெயர்க்கும்.)

நான் சண்டைக்குத்தான் போனேன். 91 எப்படி 2 ஆனது என்று கேட்டேன். ரீச்சர் கோபிக்கவில்லை. இரண்டு கடதாசிகளை எடுத்து மேசையில் வைத்தா. ஒன்று ஒன்ராறியோவின் 12ஆம் வகுப்பு நுண்கணிதப் பாடத்திட்டம். அதில் வகையீடு இருக்கிறது, காவி இருக்கிறது, தொகையீடு இல்லவே இல்லை. மற்றது ஏ.பி. பாடத்திட்டம். அதில் காவி இல்லை. தொகையீடு ஒரு பெரிய பங்கு. 91 போட்டது முதலாவதற்கு. 2 வந்தது இரண்டாவதற்கு. எங்கட ஊரில் ஏ.எல். இணைந்த கணிதத்தில் தொகையீடு படிப்பிக்கிறார்கள். இங்கே அது இல்லை என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

அதோடு வகுப்பு தொடங்கியது பெப்ரவரியில், பரீட்சை மே மாதத்தில். தொகையீட்டைப் பள்ளிக்கூடம் விட்டபின் மேலதிக வகுப்பில்தான் படிப்பித்தாவாம். "உங்கள் பிள்ளை அதில் பாதிக்கு மேல் வரவில்லை" என்றா.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பள்ளிக்கூடம் விட்டதும் அவன் ஓடியது கடைசித் தங்கச்சியைக் கூட்டிவர. அக்கா வேலையில், நான் நித்திரையில். அவன் எங்களுக்கும் சொல்லவில்லை, ரீச்சருக்கும் சொல்லவில்லை.

ரீச்சரிலும் பிழை உண்டு, அதை முகத்துக்கு நேரே சொன்னேன். வராத பிள்ளையின் வீட்டுக்கு ஒரு தொலைபேசி எடுத்திருக்கலாம். 91 என்று வீட்டுக்கு வந்த காகிதத்தோடு, இது ஏ.பி. புள்ளி அல்ல என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். அவ அதை ஒப்புக்கொண்டா.

முடிவை மட்டும் பார்ப்பவர்களுக்கு ஒரு பழைய சம்பவத்தைச் சொல்லவேண்டும். பொலிவியாவில் ஆசிரியராக இருந்த ஹைமே எஸ்கலான்ரே 1960களில் அமெரிக்கா வந்து, உணவகத்தில் தரை துடைத்து, எலெக்ரோனிக்ஸ் பக்டரியில் வேலைசெய்து, மறுபடி படித்துத்தான் மீண்டும் ஆசிரியரானார். லொஸ் ஏஞ்சல்ஸில் ஏழைப் பிள்ளைகள் படித்த கார்ஃபீல்ட் பள்ளிக்கூடத்தில் 1982இல் அவருடைய 18 மாணவர் ஏ.பி. நுண்கணிதம் எழுதி, எல்லோரும் சித்தியடைந்தனர். 14 பேர் களவாக எழுதினார்கள் என்று சந்தேகப்பட்டார்கள். 12 பேர் திரும்ப எழுதினார்கள், 12 பேரும் திரும்பச் சித்தி. 1988இல் இது படமாகவும் வந்தது. புள்ளி குறைந்தால் ஆசிரியரில் பிழை, கூடினால் பிள்ளைகளில் சந்தேகம்!

சந்திப்புக்குப் போகும் பெற்றோர் புள்ளியை மட்டும் கேட்டுவிட்டு எழும்பவேண்டாம். பரீட்சைக்கு முன் பாடம் முடியுமா, கடந்த வருடம் எத்தனை பேர் படித்து எத்தனை பேர் எழுதினார்கள் என்று கேளுங்கள். நல்ல பிள்ளைகளை மட்டும் எழுதவிட்டுப் பெயரெடுப்பதும் நடக்கும். கொலிஜ் போர்ட் பழைய வினாக்களையும் புள்ளியிடும் முறையையும் இணையத்தில் போடுகிறது. வகுப்புச் சோதனைத் தாளை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கணிதம் தெரியாத எனக்கே வித்தியாசம் தெரிந்தது. பரீட்சைக்குப் பின் எந்தப் பகுதியில் பிள்ளைகள் சறுக்கினார்கள் என்று ஆசிரியருக்கு ஒரு அறிக்கையும் வரும். அதைப் பார்த்து எதை மாற்றினீர்கள் என்றும் கேட்கலாம்.

மேலதிக வகுப்பைக் காலைக்கு மாற்றும்படி சில பெற்றோர் சேர்ந்து, உதவியாளரின் துணையோடு அதிபருக்குக் கடிதம் எழுதினோம். இப்போது அது 7.30க்கு நடக்கிறது. நான் இரவு வேலையால் வரும் வழியில் மருமகளை அங்கே இறக்கிவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறேன். வகுப்பு பெப்ரவரியில்தான், ஆனால் தொகையீட்டை ரீச்சர் ஒக்டோபரிலேயே தொடங்கிவிட்டா.