மலை விழுங்கும் ஓடை

ஆறு கடலிற் கலப்பதை நாம் அறிவோம். மலைக்குள் வீழ்ந்து மறைவதைக் கண்டதுண்டோ? இங்கிலாந்தின் யார்க்‌ஷயரிலுள்ள இங்கிள்பரோ மலைச்சரிவில் மக்கிய தாவரங்களாலான கரிய ஈரமண் பரந்துள்ளது, அடியில் சுண்ணாம்புக்கல். மண்ணில் ஊறிய நீர் புளிப்பேறிக் கல்லைக் கரைத்துக் குகை குடைகின்றது. அங்கே பெல் பெக் என்னும் ஓடை கேப்பிங் கில் என்ற குழிக்குள் சுமார் 100 மீட்டர் வீழ்ந்து, கிளாபம் கிராமத்துக்கு மேலே மீண்டும் வெளிப்படுகின்றது.

1895-ம் ஆண்டில் இக்குழியில் முதன்முதல் அடிவரை இறங்கியவர் பிரெஞ்சு அறிஞர் மார்டெல். அவர் 1891-ல் தம் நாட்டில் ஓர் ஊற்றுநீரைப் பருகி நோயுற்றவர். மேட்டுக்குழியில் எறியப்பட்ட செத்த கன்றே காரணம்! கல்வெடிப்பு நீரை வடிகட்டுவதில்லை. 1902-ல் பிரான்ஸ் அவ்வழக்கத்தைச் சட்டத்தால் தடுத்தது. கண்ணுக்கு மறைந்தது ஒழிந்ததென்று நாம் எண்ணலாகாது; அது பிறர் குடத்தில் வந்து சேரும்.