மேலே காயமில்லை... உள்ளே?

"ஸ்கேன்" என்றதும் நம்மில் பலருக்குப் பிள்ளை உண்டாகியிருந்த நாட்கள்தான் ஞாபகம் வரும். வயிற்றில் ஜில்லென்று ஜெல்லைத் தடவி, திரையில் குழந்தை அசைவதைக் காட்டுவார்களே, அதே ஸ்கேன்தான். விபத்தில் அடிபட்டு வருகிறவர்களின் கட்டிலருகிலும் இன்று அது உயிர் காக்கிறது.

தரமணிவாசிகளுக்கு ராஜீவ் காந்தி சாலையைப் பற்றிச் சொல்லவா வேண்டும்? காலை நேரத்தில் பஸ், தண்ணீர் லாரி, ஆட்டோ. நடுவில் நம் ஸ்கூட்டர். முன்னால் பிள்ளை, பின்னால் பக்கவாட்டில் உட்கார்ந்த அம்மா. ஒரு சறுக்கல்! "எனக்கு ஒண்ணுமில்லீங்க, வீட்டுக்குப் போயிடலாம்" என்று எழுந்துவிடுகிறோம். முழங்கைச் சிராய்ப்புக்குப் பதறும் நாம், வயிற்றில் வாங்கிய அடியை மறந்துவிடுகிறோம்.

விலா எலும்புகளுக்கு அடியில் வலப்பக்கம் கல்லீரல், இடப்பக்கம் மண்ணீரல். இரண்டிலும் ரத்த ஓட்டம் அதிகம். பலமான அடியில் இவை கிழிந்தால், தோலில் ஒரு கீறல்கூட இல்லாமல் உள்ளே லிட்டர் கணக்கில் ரத்தம் தேங்கலாம்.

நாலு இடம், சில நிமிடம்

இந்தச் சோதனையை டாக்டர்கள் 'ஃபாஸ்ட்' என்பார்கள். கல்லீரலை ஒட்டி, மண்ணீரலை ஒட்டி, அடிவயிற்றில், இதயத்தைச் சுற்றி என நாலு இடங்களில் பார்ப்பார்கள். தேங்கிய ரத்தம் திரையில் கறுப்பாகத் தெரியும். நுரையீரலையும் சேர்த்துப் பார்ப்பதுண்டு. ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போய், கறுப்பும் தெரிந்தால், பெரும்பாலும் நேரே ஆபரேஷன் தியேட்டர்தான்.

முன்பெல்லாம் இதைக் கண்டுபிடிக்க வயிற்றில் துளை போட்டுக் குழாய் விட வேண்டியிருந்தது. 1970களில் ஜெர்மனியில் ஸ்கேனைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். 1990களில் அமெரிக்காவிலும் பரவியது.

"ஸ்கேன்ல ஒண்ணுமில்லைன்னுட்டாங்களே!"

உடனே நிம்மதியாகிவிடாதீர்கள். ரத்தம் கொஞ்சமாக இருந்தால் தெரியாமல் போகலாம். குடலில் ஓட்டை, கணையத்தில் அடி இவற்றையும் இது தவறவிடும். சைக்கிள் ஹேண்டில்பார் வயிற்றில் குத்தி விழுந்த பிள்ளைக்கு மறுநாள்கூட வலியும் வாந்தியும் வரலாம். அதனால்தான் டாக்டர்கள் ஸ்கேனைத் திரும்ப எடுப்பதும், சி.டி. ஸ்கேன் கேட்பதும், "ராத்திரி இங்கேயே இருக்கட்டும்" என்பதும். பில்லைக் கூட்டுகிறார்கள் என்று சண்டை போட்டுக் கூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டாம்.

கர்ப்பிணிகளுக்கு

இதில் எக்ஸ்ரே கதிர் கிடையாது, குழந்தைக்குப் பயமில்லை. ஆனால் நஞ்சு கர்ப்பப்பையை விட்டுப் பிரிவது ஸ்கேனில் தெரியாமலே போகலாம். மாதம் முற்றியவர்கள் லேசாக விழுந்தாலும் சில மணி நேரம் ஆஸ்பத்திரிக் கண்காணிப்பில் இருப்பதே நல்லது. ரத்தம் நெகட்டிவ் வகையானால் மறக்காமல் சொல்லுங்கள். 72 மணி நேரத்துக்குள் ஒரு ஊசி தேவைப்படலாம். "ஆணா, பெண்ணா?" என்று மட்டும் கேட்காதீர்கள். 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி சொல்லக் கூடாது.

நினைவில் வையுங்கள்

* வயிறு உப்புதல், தொட்டால் வலி, இடது தோளில் காரணமில்லாத வலி, ஜில்லென்ற வியர்வை, தலைசுற்றல், படபடப்பு: இவற்றில் ஒன்று இருந்தாலும் 108ஐக் கூப்பிடுங்கள்.

* "பாவம், களைச்சுப் போயிட்டா" என்று காபி, சோடா எதுவும் கொடுக்காதீர்கள். மயக்க மருந்து கொடுக்க நேரலாம்.

* எப்படி விழுந்தார், எங்கே அடி, என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று தெளிவாகச் சொல்லுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடும் பெரியவர்களுக்கு ஆபத்து அதிகம்.

* பணத்துக்காகத் தயங்க வேண்டாம். 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரிகளுக்கும் இது பொருந்தும்.

சிராய்ப்புக்கு மருந்து வீட்டிலேயே இருக்கும். வயிற்றில் பட்ட அடிக்கு மட்டும் வீட்டு வைத்தியம் வேண்டாம், சகோதரிகளே!