கடைசி இடம், ஆனாலும் வெற்றி!

1962-ம் ஆண்டு. சுவீடன் நாட்டு ஸ்டாக்ஹோம் நகரில் பெரிய சதுரங்கப் போட்டி. 23 பேர் மோதினார்கள். அதில் ஒருவர் தமிழர், மானுவல் ஆரோன். வயது 26.

எதிரிகள் லேசானவர்களா? பலர் 'கிராண்ட் மாஸ்டர்' பட்டம் பெற்றவர்கள். இந்தியாவில் அப்போது அந்தப் பட்டம் ஒருவருக்கும் கிடையாது. ஆரோன் தோற்றார், மீண்டும் மீண்டும் தோற்றார். முடிவில் கடைசி இடம்!

ஆனால் ஹங்கேரி நாட்டுப் போர்ட்டிஷ், கிழக்கு ஜெர்மனியின் ஊல்மான் ஆகிய இரண்டு கிராண்ட் மாஸ்டர்கள் அவரிடம் மண்ணைக் கவ்வினார்கள். கடைசி ஆளிடம் தோற்ற கதையை ஊரில் போய் எப்படிச் சொன்னார்களோ!

1972-ல் சென்னையில், சோவியத் கலாசார நிலையத்தில் 'தால்' சதுரங்கக் கழகத்தை ஆரோன் தொடங்கினார். மயிலாப்பூரை அடுத்த ஆழ்வார்பேட்டையில் அந்தக் கழகத்துக்கு ஆட வந்தான், ஆனந்த் என்ற சிறுவன். 1988-ல் இந்தியாவின் முதல் கிராண்ட் மாஸ்டர் ஆனவர் அவர்தான்.