மீன் கல்லுல உரசுதா? ஸ்டேட்டஸ் போடுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

நேத்துவரை ஜாலியா சுத்திக்கிட்டிருந்த கோல்டு ஃபிஷ், திடீர்னு தொட்டிக் கல்லுல உடம்பைத் தேய்க்குதா? விளையாடுதுனு வீடியோ எடுத்துட்டு விட்டுடாதீங்க. உடம்புலயும் துடுப்புலயும் உப்பு தூவின மாதிரி வெள்ளைப் புள்ளிகள் இருந்தா, அது 'இக்' எனும் ஒட்டுண்ணி.

தோலுக்குள்ள இருக்கும்வரை அதை மருந்து நெருங்காது. வளர்ந்ததும் தானா உதிர்ந்து, தொட்டியின் அடியில ஒட்டிக்கிட்டு நூற்றுக்கணக்கில் பெருகும். அந்தக் குட்டிகள் அடுத்த மீனைத் தேடி நீந்தும்போதுதான் மருந்துகிட்ட சிக்கும். புள்ளி மறைஞ்சதும் 'சரியாகிடுச்சு'னு மருந்தை நிறுத்திடுறோம் பாருங்க, அங்கதான் கோட்டை விடுறோம். பாட்டிலில் சொன்ன நாள் முழுக்க, மொத்தத் தொட்டிக்கும் மருந்து விடுங்க. ஒரு மீனை மட்டும் பிரிச்சு வெச்சா போதாது. ஃபில்டர்ல கார்பன் இருந்தா முதல்ல எடுத்துடுங்க. மருந்தை அது உறிஞ்சிடும்.